சீக்ராம் கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் அந்தக் காலியிடம் வீண்தானா?

நீங்கள் கேட்டதை எனக்குப் புரிந்தபடி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அலுவலக வேலையாக நியூயார்க் போயிருக்கிறீர்கள். யாரோ அவசியம் பார்க்கச் சொன்னார்கள் என்று பார்க் அவென்யூ 375ஆம் எண்ணில் இருக்கும் சீக்ராம் கட்டடத்துக்குப் போயிருக்கிறீர்கள். "கறுப்பாக ஒரு பெட்டி. முன்னால் இருக்கும் இடத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள். இதை ஏன் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்?" என்பது உங்கள் கேள்வி. பார்த்தால் அழகைப் பற்றிக் கேட்டது போல இருக்கிறது. ஆனால் உங்களை உறுத்துவது அந்தக் காலியிடம்தான் என்று நினைக்கிறேன். உலகத்திலேயே விலை கூடிய மனைகளில் ஒன்றில் இடத்தைச் சும்மா விட்டது தாராள மனசா, விளம்பரமா, இல்லை சட்டம் விடச் சொன்னதா? நான் சென்னையில் 26 வருடமாக ஆர்க்கிடெக்டாக இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் அலுவலகக் கட்டடங்கள். இதே கேள்வியை என் கிளையன்ட்கள் என்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள். சீக்ராமுக்கு நான் போனது இரண்டே முறை, இரண்டும் மே மாதத்தில். ஜனவரிக் குளிரில் அந்த முற்றத்தில் ஈ காக்கை இருக்குமா என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

முதலில் சட்டம். 1915இல் கீழ் மன்ஹாட்டனில் பிராட்வேயில் ஈக்விட்டபிள் கட்டடம் என்று ஒன்று எழும்பியது. மனை முழுவதையும் அடைத்துக்கொண்டு, தெரு ஓரத்திலிருந்து நேராக 38 மாடி. பக்கத்துத் தெருக்களில் வெயில் விழவில்லை. அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் 1916இல் நியூயார்க் நகரம் தன் முதல் மண்டல விதிகளைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் போனால் கட்டடம் உள்ளே ஒதுங்க வேண்டும், இன்னும் மேலே போனால் இன்னும் ஒதுங்க வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்து நியூயார்க் கட்டடங்கள் கொலுப்படி மாதிரி இருக்கின்றன. அதே விதியில் ஒரு விலக்கும் இருந்தது. மனையின் பரப்பில் கால்பங்குக்கு மேல் போகாத கோபுரம் என்றால் எவ்வளவு உயரமும் போகலாம், ஒதுங்கவே வேண்டாம். ஆகவே சட்டம் சீக்ராமிடம் முன்னால் இடம் விடு என்று சொல்லவில்லை. "நேரான கோபுரம் வேண்டுமென்றால் கால்பங்கு மனையோடு திருப்திப்படு" என்று மட்டும் சொன்னது. மற்ற பில்டர்கள் கொலுப்படியைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏனென்றால் அதில்தான் வாடகைக்கு விடும் சதுர அடி அதிகம். சீக்ராம் மனை தோராயமாக 200 அடிக்கு 300 அடி, 60,000 சதுர அடி. நம் ஊர்க் கணக்கில் 25 கிரவுண்டு. அதில் கோபுரம் நிற்பது ஆறு கிரவுண்டு சொச்சத்தில். பின்பக்கம் லெக்சிங்டன் அவென்யூவை நோக்கித் தாழ்வான பகுதிகள் உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றால் யார் இந்த முடிவை எடுத்தது? கதை பிரபலம்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது. சீக்ராம் என்பது கனடாவைச் சேர்ந்த மதுபான கம்பெனியாக இருந்தது. முதலாளி சாமுவேல் பிரான்ஃப்மன் 1950களின் நடுவில் நியூயார்க்கில் தலைமையகம் கட்ட முடிவு செய்து ஒரு டிசைனும் வாங்கிவிட்டார். அதன் படம் பாரிசில் இருந்த அவர் மகள் ஃபிலிஸ் லாம்பர்ட் கண்ணில் பட்டது. வயது 27. 1954 ஜூனில் அப்பாவுக்கு எட்டுப் பக்கக் கடிதம் எழுதினார். இந்த டிசைன் கூடாது, கூடவே கூடாது என்பதுதான் அதன் சாரம். ஒரு கட்டடம் அதில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமல்லாமல் தெருவில் நடக்கிறவர்களுக்கும் பொறுப்பானது என்கிற அவருடைய நிலைப்பாடு அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. அப்பா கோபப்படவில்லை. "சரி, நீயே வந்து ஆளைத் தேடு" என்கிற மாதிரி பொறுப்பை மகளிடமே விட்டுவிட்டார். மகள் சில வாரங்கள் அலைந்து பல பேரைப் பார்த்துவிட்டு மீஸ் வான் டெர் ரோவைத் தேர்ந்தெடுத்தார். மீஸ் ஜெர்மனியில் ஆகென் நகரத்துக் கல்தச்சரின் மகன், அப்போது சிகாகோவில் இருந்தார். அறுபத்தெட்டு வயசு. முறையாகக் கல்லூரியில் கட்டடக்கலை படித்தவர் இல்லை, அதனாலேயே நியூயார்க் மாநிலத்தில் லைசென்ஸ் விஷயத்தில் அவரைப் படிப்புச் சான்று கேட்டுச் சீண்டினார்கள், அவர் கொஞ்ச காலம் முறைத்துக்கொண்டு சிகாகோவுக்கே போய்விட்டார். உலகத்துக் கல்லூரிகளெல்லாம் பாடமாக வைத்திருக்கிற ஆளிடம் பள்ளிச் சான்றிதழ் கேட்டது எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். உடன் வேலை செய்தவர் ஃபிலிப் ஜான்சன். கட்டடம் 1958இல் முடிந்தது. 38 மாடி, 157 மீட்டர்.

கோபுரத்தை எங்கே நிறுத்துவது என்பதை மீஸ் வரைபடத்தில் முடிவு செய்யவில்லை. பார்க் அவென்யூவின் பத்துத் தெரு நீளத்துக்கு இரண்டு பக்கமும் இருந்த கட்டடங்களை அட்டையில் செய்து, கண் மட்டத்துக்கு மேஜையில் ஏற்றி, காலி மனையில் விதவிதமான கோபுரங்களை வைத்து எடுத்துப் பார்த்தார். இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அந்தத் தெரு அப்போது எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பார்க் அவென்யூவுக்கு அடியில் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்குப் போகும் ரயில் தண்டவாளங்கள் ஓடுகின்றன. தண்டவாளத்தை மூடிய பிறகு மேலே அகலமான தெரு, நடுவில் புல்வெளி, இருபுறமும் கல்லும் செங்கல்லுமான அடுக்குமாடிகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில், தெரு ஓரத்தில் ஒட்டி, மதில் சுவர் போல. சீக்ராம் மனையிலும் அப்படி ஓர் அடுக்குமாடிதான் இருந்தது. அந்த மதிலில் ஒரு பல் விழுந்தது மாதிரி இவர் 90 அடி உள்ளே தள்ளினார். எதிரே 1918இல் மக்கிம், மீட் அண்ட் வைட் நிறுவனம் இத்தாலிய அரண்மனை பாணியில் கட்டிய ராக்கெட் அண்ட் டென்னிஸ் கிளப். சீக்ராமின் மையக்கோடு சரியாக அந்தக் கிளப்பைப் பார்த்து நிற்கிறது. கிளப்பைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் கொஞ்சம் தள்ளி லீவர் ஹவுஸ், 1952இல் வந்தது. அந்தத் தெருவின் முதல் கண்ணாடிக் கட்டடம் அதுதான், சீக்ராம் இல்லை. காலியிடம் காலியிடமாகத் தெரிவதற்குச் சுற்றிலும் நிறைந்திருக்க வேண்டும். முற்றம் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் நாலு பக்கமும் வீடு வேண்டுமில்லையா, அதே கதை.

நீங்கள் பார்த்தபோது அந்த மதில் ஏற்கெனவே போய்விட்டது. சீக்ராமைப் பார்த்துப் பக்கத்தில் எல்லாரும் கண்ணாடிப் பெட்டி கட்டி, தங்கள் பங்குக்கு முன்னால் இடம் விட்டு, தெரு ஓரம் பொக்கை வாய் மாதிரி ஆகிவிட்டது. "பத்தோடு பதினொன்றாகக் கறுப்புப் பெட்டி" என்று நீங்கள் நினைத்ததில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. நகல்களுக்கு நடுவே மூலத்தைப் பார்த்திருக்கிறீர்கள்.

கறுப்பு என்றீர்கள். அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிட்டே போய் வெளிப்புற உலோகச் சட்டகத்தைத் தொட்டிருந்தால் கரும்பழுப்பு என்று தெரிந்திருக்கும், பழைய வெண்கலப் பானையின் அடிப்பக்கம் மாதிரி. எல்லாரும் வெண்கலம் என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் இங்கே ஒரு மொழிச் சிக்கல் இருக்கிறது. மாடிக்கு மாடி ஜன்னலுக்குக் கீழே இருக்கும் தகடுகள் முண்ட்ஸ் மெட்டல், அதாவது செம்பு 60 பங்கு, துத்தநாகம் 40 பங்கு. கட்டடத் தொழிலில் ஆர்க்கிடெக்சுரல் பிரான்ஸ் (கட்டட வெண்கலம்) என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் துத்தநாகக் கலப்புதான். நம் பாத்திரக் கடைக்காரரிடம் கேட்டால் செம்போடு தகரம் சேர்ந்தால்தான் வெண்கலம், துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை என்பார். அவர் சொல்வதுதான் சரி. மழையில் விட்டால் இந்த உலோகம் பச்சையாகக் களிம்பு ஏறும். ஏறக் கூடாது என்று முடிவு செய்துவிட்டதால், பூஜை அறை விளக்கைப் பராமரிக்கிற மாதிரி, 38 மாடிக் கட்டடத்தைத் துடைத்து எண்ணெய் தடவிக்கொண்டே இருக்கிறார்கள். பராமரிப்புச் செலவை யோசிக்கிற எந்த கிளையன்டும் இதற்குச் சம்மதிக்க மாட்டார்.

அந்த உலோகச் சட்டகங்களைப் பற்றி ஒரு பழைய சண்டை உண்டு, நீங்களும் தேடிப் படித்தால் எதிர்ப்படும். முகப்பில் மேலிருந்து கீழ் வரை ஓடும் கம்பிகள் ஆங்கில 'ஐ' எழுத்து வடிவத்தில் இருக்கின்றன. சைட்டில் நாம் ஐ-பீம் என்கிறோமே, அதே வடிவம், ஆறு அங்குல ஆழத்தில், 4 அடி 7½ அங்குலத்துக்கு ஒன்று. அப்படி ஆறு இடைவெளி சேர்ந்தால் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் உள்ள தூரம், 27 அடி 9 அங்குலம். முன்பக்கத்தில் அப்படி ஐந்து. இந்தக் கம்பிகள் கட்டடத்தின் பாரத்தைத் துளிகூடச் சுமக்கவில்லை, அது உறுதி. பாரத்தைச் சுமக்கும் உண்மையான இரும்புச் சட்டம் உள்ளே இருக்கிறது. தீ விதிகளின்படி அதைக் கான்கிரீட்டால் போர்த்த வேண்டும், ஆகவே கண்ணுக்குத் தெரியாது. உள்ளே இருப்பதை வெளியே சொல்வதற்காக மீஸ் இந்தக் கம்பிகளை ஒட்டினார். "கட்டமைப்பில் நேர்மை பேசியவர் பொய்த்தூண் ஒட்டினார்" என்பது குற்றச்சாட்டு. என் கருத்து: முழுப் பொய் இல்லை. அவ்வளவு உயரமான கண்ணாடிச் சட்டம் காற்றில் வளையாமல் இருக்க ஒரு விறைப்பு தேவை, இந்த வடிவம் அதைத் தருகிறது. ஆனால் அந்த வேலைக்கு இந்த வடிவம்தான் வேண்டும் என்பதில்லை, சாதாரணச் சட்டமே போதும். ஆகவே அலங்காரம் என்பதையும் மறுக்க மாட்டேன். பக்கவாட்டில் நடந்துகொண்டே பார்த்தால் கண்ணாடி மெல்ல மறைந்து முழுக்க உலோகச் சுவர் ஆகும், திரும்பி நேரே வந்தால் மறுபடி கண்ணாடி. அந்த ஒரு விளைவுக்காகவே ஒட்டியிருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஜன்னல் திரைகளையும் கவனித்திருக்க மாட்டீர்கள். மூன்றே நிலையில்தான் நிற்கும்: முழுக்கத் திறப்பு, பாதி, முழுக்க மூடல். வேலை செய்கிறவர் தன் இஷ்டத்துக்கு முக்கால் மூடியாக விட முடியாது, வெளியே கோடு கலைந்துவிடும். அந்த ஆபீசில் மதிய வெயில் முகத்தில் அடிக்க உட்கார்ந்திருந்தவர் ஆர்க்கிடெக்டை என்ன திட்டியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது அந்த முற்றத்துக்கு வருவோம். தெருவிலிருந்து மூன்று படி ஏறினால் வெளிர் சிவப்பு கிரானைட் தரை. இரண்டு பக்கமும் சமச்சீராக நீர்த்தொட்டிகள். வடக்கு, தெற்கு ஓரங்களில் பச்சை மார்பிளில் நீளமாக ஒரு தாழ்ந்த சுவர். அவ்வளவுதான். பெஞ்ச் கிடையாது, குடை கிடையாது. நான் முதல் தடவை போனபோது மதியம் ஒரு மணி இருக்கும். அந்தப் பச்சை மார்பிள் சுவர் நீளத்துக்கும் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து காகிதப் பெட்டியிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஷூவைக் கழற்றி வைத்திருந்தார். நானும் ஒரு சாண்ட்விச்சோடு உட்கார்ந்தேன். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. எந்தக் கட்டடக்கலைப் புத்தகத்தைப் படித்தபோதும் புரியாத ஒன்று அப்போது புரிந்தது: இது திண்ணை. வீட்டுக்காரனுக்குச் சொந்தம், வழிப்போக்கன் உட்காரலாம். வடிவமைத்தவர்கள் இதை உட்காரும் இடமாக நினைத்துக் கட்டவில்லை. உயரமும் அகலமும் தற்செயலாகப் பொருந்திவிட்டன.

1970களில் வில்லியம் வைட் என்பவர் நியூயார்க் முற்றங்களில் டைம்லேப்ஸ் கேமராக்களை வைத்து, எங்கே எத்தனை பேர், எவ்வளவு நேரம், ஏன் உட்காருகிறார்கள் என்று எண்ணினார். நல்ல வெயில் நாளில் சீக்ராம் முற்றத்தில் 150 பேர் வரை இருந்தார்கள். பக்கத்திலேயே அதே அளவு முற்றங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அவர் கண்டுபிடித்த விதி கேட்டால் சிரிப்பு வரும்: உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள். ஆனால் அதைச் சொல்ல அத்தனை ஃபிலிம் ரோல் தேவைப்பட்டது, ஏனென்றால் அதற்குள் நகரம் ஒரு பெரிய தப்பைச் செய்துவிட்டிருந்தது. 1961இல் புதிய மண்டல விதிகள் வந்தன. அடர்த்தியான அலுவலகப் பகுதிகளில் முன்னால் ஒரு சதுர அடி முற்றம் விட்டால் மேலே பத்துச் சதுர அடி கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். நம் பாஷையில் எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) போனஸ். மனையைப் போல 15 மடங்கு கட்டலாம் என்ற இடத்தில் 18 மடங்கு வரை போகலாம். சீக்ராமைப் பார்த்துத்தான் இந்தச் சட்டமே வந்தது என்று நிறையப் பேர் எழுதுவார்கள். அது பாதி உண்மை. பழைய விதிகளை மாற்றும் பேச்சு 1950லேயே தொடங்கிவிட்டது, திறந்த இடம் விட்டுக் கட்டிய ராக்கஃபெல்லர் சென்டர், லீவர் ஹவுஸ் எல்லாம் கண்முன் இருந்தன. சீக்ராம் கையில் காட்ட ஒரு நல்ல போட்டோவாகப் பயன்பட்டது என்று சொல்வதுதான் நியாயம். சீக்ராம் அந்த போனஸை வாங்கவே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது சட்டத்துக்கு மூன்று வருடம் மூத்தது.

பில்டர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். சட்டம் 'இடம் விடு' என்றது, 'உட்கார விடு' என்று சொல்லவில்லை. இடத்தை விட்டு, போனஸை வாங்கி, விட்ட இடத்தில் ஆள் தங்காதபடி முள்கம்பி, சரிவான சுவர், காற்றடிக்கும் வெறுந்தரை என்று போட்டுவிட்டார்கள். வைட்டின் ஆராய்ச்சிக்குப் பிறகு 1975இல் விதியைத் திருத்தி, முப்பது சதுர அடி முற்றத்துக்கு ஓர் அடி நீளம் உட்கார இடம் இருக்க வேண்டும் என்றார்கள். 2000இல் ஹார்வர்டு பேராசிரியர் ஜெரால்ட் கேடன் நகரத் திட்டத் துறையோடு சேர்ந்து கணக்கெடுத்தபோது 320 கட்டடங்களில் இப்படி 503 இடங்கள் இருந்தன. அதில் 41 சதவீதம் ஒன்றுக்கும் உதவாத ரகம்.

இதில் எனக்கே ஒரு அடி விழுந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் சென்னையில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு முன்பக்கத்தில், காம்பவுண்டுக்கு வெளியே, 18 அங்குல உயரத்தில் கடப்பைக் கல்லில் நீளமாக ஒரு மேடை போட்டேன். திறந்த முதல் மாதம் ஆட்டோக்காரர்கள், டெலிவரிப் பையன்கள், டீ குடிக்க வந்த ஊழியர்கள் என்று நிறைந்திருந்தது. ஆறு மாதம் கழித்துப் போனால் மேடை முழுவதும் இரண்டடிக்கு ஒரு சிமென்ட் பூந்தொட்டி. செடிகூட இல்லை, மண் மட்டும். கட்டட மேனேஜரிடம் கேட்டேன். "சார், கண்டவங்க வந்து உட்கார்றாங்க" என்றார்.

வீண் என்கிற உங்கள் சொல்லுக்குக் கணக்கில் ஒரு பதிலும் இருக்கிறது. கட்டடத்துக்கு ஆன செலவு சுமார் 3.6 கோடி டாலர், அந்தக் காலத்துக்கு மிக அதிகம். அந்தச் செலவை வைத்து நகர வரித்துறை மதிப்பை ஏற்றிப் போட்டது. கம்பெனி வழக்குப் போட்டது: "வாடகை வருமானத்தை வைத்து மதிப்புப் போடு, நாங்கள் அழகுக்குச் செய்த செலவுக்கு எதற்கு வரி?" தோற்றார்கள். 1964இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் வரித்துறை பக்கமே நின்றது. நல்ல கட்டடம் கட்டினால் அபராதமா என்று அப்போது பெரிய கூச்சல். நான் வக்கீல் இல்லை, தீர்ப்பின் சட்ட நுணுக்கத்துக்குள் போக மாட்டேன். ஆனால் கட்டியவர்களுக்கு அந்த இடம் சும்மா கிடைக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல ரசீது வேண்டாம். பதிலுக்கு அவர்களுக்குக் கிடைத்தது பெயர். மதுவிலக்குக் காலத்தில் பணம் பார்த்த வியாபாரம் என்று மூக்கைச் சுளித்த நியூயார்க்கில், சீக்ராம் என்றால் இன்று முதலில் ஞாபகம் வருவது கட்டடம், பிறகுதான் விஸ்கி. இது தாராளமா விளம்பரமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மகளுக்கு ஒரு காரணம், அப்பாவுக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தரை முதல் கூரை வரை ஒற்றைக் கண்ணாடி, மின்சாரம் மலிவாக இருந்த காலத்து ஏசி. 2012இல் நகரம் பெரிய கட்டடங்களின் மின்செலவு மதிப்பெண்களை வெளியிட்டபோது சீக்ராமுக்குக் கிடைத்தது நூற்றுக்கு 3. எனர்ஜி ஆடிட் என் துறை இல்லை, ஆனால் 3 என்பதற்கு ஆடிட்டர் தேவையில்லை. 1989இலேயே அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள், முகப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. இன்னொன்று, அந்தச் சுத்தமான பெட்டி முன்பக்கத்துக்கு மட்டும்தான். பின்னால் கோபுரத்தின் முதுகில் ஒட்டிய பகுதியும், அதற்கும் கீழே தாழ்வான கட்டடங்களும் சேர்ந்துதான் வாடகைக் கணக்கை நேர்செய்கின்றன. புத்தகங்களில் அந்தப் பக்கத்துப் படம் அநேகமாக இருக்காது.

அடுத்த தடவை போனால் 53ஆம் தெரு வழியாக லெக்சிங்டன் பக்கத்திலிருந்து நடந்து வாருங்கள். முதலில் இந்த முதுகுப்பக்கம் வரும். மேற்கே போகப் போகத் தரை மெல்ல ஏறும், கையருகே அந்தப் பச்சை மார்பிள் சுவர் உயரத்திலிருந்து இறங்கி இறங்கி, முற்றம் வரும் இடத்தில் உட்காரும் உயரத்துக்கு வந்து நிற்கும். மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போங்கள், கையில் ஏதாவது வாங்கிக்கொண்டு.